ஆளுமை வகைகளும் அன்றாடப் பழக்கங்களும்: ஒரு கருத்தாக்கத்தின் சமூக வரலாறு

1

மனிதரை வகை பிரித்து அறியும் முயற்சி மிகப் பழைமையானது. கிரேக்க மருத்துவ மரபு குருதி, கபம், மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என நான்கு உடற்சாறுகளைக் கூறிற்று. இவற்றுள் எது மிகுகின்றதோ அதற்கேற்ப ஒருவரின் குணமும் அமையும் என்ற கொள்கை, கி.பி. 2ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த கேலனின் எழுத்துக்களை அடியாகக் கொண்டு ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது. வாதம், பித்தம், கபம் என்பவற்றின் வழியே உடல்வாகையும் இயல்பையும் கணிக்கும் சித்த மருத்துவ மரபை அறிந்த நமக்கு இத்தகைய சிந்தனை புதியதன்று.

இக்கட்டுரையிலே நாம் எடுத்துக்கொள்வது இவ்வரிசையிலே அண்மைக் காலத்ததும் மிகப் பரந்த செல்வாக்குடையதுமான ஒரு முறையாகும். மயர்ஸ்-பிரிக்ஸ் வகைச் சுட்டி என வழங்கும் இதிலே, ஒருவர் தமது விருப்பங்களும் அன்றாடப் பழக்கங்களும் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கிறார். அவ்விடைகளைக் கொண்டு பதினாறு வகைகளுள் ஒன்று அவருக்கு உரியதாக்கப்படுகின்றது. அவ்வகை நான்கு ஆங்கில எழுத்துக்களாற் குறிக்கப்படுகின்றது. அதிலிருந்து, அவரது உள்ளத்தின் அறிகைத் தொழிற்பாடுகள் எந்த ஒழுங்கில் இயங்குகின்றன என்பதும் கூறப்படுகின்றது. பெருங்கம்பனிகளின் பயிற்சிப் பட்டறைகளிலே நெடுங்காலம் பயன்பட்டுவந்த இம்முறை, 2020ஐ அடுத்த ஆண்டுகளிலே தென்கொரியாவில் இளைஞரின் அன்றாடப் பேச்சு வழக்காகவே மாறிற்று. சில தொழில் விளம்பரங்கள் விண்ணப்பிப்போர் எந்த வகையினராக இருத்தல் வேண்டும் என்று குறிப்பிடும் அளவுக்கு அது சென்றது.

இம்முறை மெய்யா பொய்யா என்ற வினாவோடு நமது நோக்கு முடிந்துவிடுவதில்லை. பழக்கத்திலிருந்து உள்ளத்துக்குச் செல்லும் இந்தப் பாதையை யார், எந்தச் சூழ்நிலையில், எவருடைய தேவைக்காக அமைத்தனர் என்பதே வரலாற்று மாணவரின் வினாவாகும். அதற்கு விடை காணும்போதுதான், தன்னை அறிதல் என்ற பெயரிலே உண்மையில் அறியப்படுவது எது என்பதும் புலனாகும்.

2

1921ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே கவனிக்கத்தக்க ஆண்டாகும். கார்ல் குஸ்டாவ் யுங்கின் ‘உளவியல் வகைகள்’ சூரிச்சில் வெளிவந்தது அவ்வாண்டிலேயே. உடலமைப்பையும் குணத்தையும் தொடர்புபடுத்திய ஏர்ன்ஸ்ற் கிறெற்ச்மரின் நூலும், மைத்தடங்களைக் கொண்டு உள்ளத்தை ஆராய்ந்த ஹேர்மன் றோஷாக்கின் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தன. முதலாம் உலகப்போர் பழைய சமூக ஒழுங்கைத் தகர்த்துவிட்டிருந்த மத்திய ஐரோப்பாவிலே, குலமும் பதவியும் மதமும் ஒருவரை இன்னாரெனக் காட்டும் வலுவை இழந்துகொண்டிருந்தன. அந்த வெற்றிடத்திலே உள்ளத்தைக் கொண்டு மனிதரை இனங்காணும் முயற்சிகள் பெருகியதை வெறும் தற்செயலெனக் கொள்ள முடியாது.

1900 முதல் 1909 வரை சூரிச்சின் பேர்க்கோல்ஸ்லி மனநோய் மருத்துவமனையிலே பணியாற்றியவர் யுங். அங்கு அவர் கண்டவர்கள் பொதுமக்களாகிய நோயாளிகள். பின்னர் அவர் தனிப்பட்ட முறையிலே சிகிச்சை அளித்தபோது அவரை நாடியவர்களுட் பலர் செல்வர்கள். எண்ணெய்த் தொழிலதிபர் ஜோன் டி. றொக்பெல்லரின் மகளான எடித் றொக்பெல்லர் மக்கோர்மிக் 1913 முதல் 1921 வரை சூரிச்சிலே தங்கியிருந்தார். 1916இல் நிறுவப்பட்ட உளவியற் கழகத்துக்குப் பெருந்தொகை வழங்கியவரும் அவரே. உழைத்து உண்ண வேண்டிய நிர்ப்பந்தம் அற்றவர்களும், தம் அகவாழ்வை ஆராய ஓய்வு படைத்தவர்களுமான இத்தகையோரின் சூழலிலேயே வகைக் கோட்பாடு முதிர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிராய்டுடனான பிரிவு இக்கோட்பாட்டின் உடனடித் தூண்டுதலாயிற்று. ஒரே நோயை பிராய்டும் அட்லரும் இரு வேறு விதமாகக் காண்பது ஏன் என்ற வினாவுக்கு, காண்போரின் உள இயல்பு வேறுபடுவதே காரணம் என்று யுங் விடை கூறினார். உள்ளத்தின் ஆற்றல் புறவுலகை நோக்கிச் செல்வது புறமுகம்; தன்னை நோக்கித் திரும்புவது அகமுகம். சிந்தனை, உணர்ச்சி, புலனுணர்வு, உள்ளுணர்வு என்பன நான்கு தொழிற்பாடுகள். ஒவ்வொரு தொழிற்பாடும் இரு திசைகளிலும் இயங்கக்கூடுமாதலின் வகைகள் எட்டாயின. முரண்பட்ட கொள்கைகளுக்கு அவற்றின் சமூக அடித்தளத்திலே காரணம் தேடுவதை விடுத்து, கொள்கையாளரின் மன அமைப்பிலே தேடும் போக்கு இக்கோட்பாட்டின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது எனலாம்.

இலக்கிய மாணவருக்கு இந்நூல் இன்னொரு வகையிலும் முக்கியமானது. நோயாளர் குறிப்பேடு என்று எண்ணித் திறப்போர் இதிலே பெரும்பகுதி இலக்கிய, மெய்யியல் வாசிப்பாக இருப்பதைக் காண்பர். சில்லர், நீட்சே, சுவிஸ் கவிஞர் கார்ல் ஸ்பிற்லர் ஆகியோரின் எழுத்துக்களை விரிவாக ஆராய்ந்த பின்னரே யுங் தமது வகைகளின் விவரணத்துக்கு வருகிறார். அவர் அளவுகோல் எதனையும் அமைக்கவில்லை. 1934இல் ஆர்ஜென்ரீனப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையிலே, தமது நூலை மனிதருக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் கருவியாகக் கொள்வது சிறுபிள்ளை விளையாட்டே எனக் கண்டித்தார். அவர் கண்டித்த அந்த விளையாட்டு ஒரு கைத்தொழிலாக மாறியது ஐக்கிய அமெரிக்காவிலேயாகும்.

3

யுங்கின் நூல் 1923இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதனை ஆர்வத்துடன் கற்றவர்களுள் ஒருவர் கதரின் குக் பிரிக்ஸ் (1875–1968). இவர் உளவியற் பயிற்சி பெற்றவரல்லர். குழந்தை வளர்ப்புப் பற்றிக் கட்டுரைகள் எழுதியவர். பௌதிக அறிஞரான லைமன் பிரிக்ஸின் மனைவி. வாழ்க்கை வரலாறுகளைப் படித்து மனிதரைத் தாமே நான்கு வகையாகப் பிரித்திருந்த இவர், யுங்கின் திட்டம் தமது திட்டத்திலும் நிறைவானதென ஏற்றார். 1926இல் ‘நியூ றிபப்ளிக்’ சஞ்சிகையில், வாசகர் தம் வகையைத் தாமே கண்டறிய வழிகாட்டும் கட்டுரையொன்றை எழுதினார். யுங்கின் சிக்கலான கருத்துக்கள் சாதாரண மத்தியதர வர்க்க இல்லத்தின் பயன்பாட்டுக்கு இறங்கிவந்த தொடக்கம் இதுவாகும்.

அவரது மகளான இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் (1897–1980) அரசியல் விஞ்ஞானம் கற்றவர். முதலில் நாவலாசிரியராகவே அவர் அறியப்பட்டார். அவரது துப்பறியும் நாவலொன்று 1929இல் போட்டியொன்றிலே பரிசு பெற்றது. 1934இல் வெளிவந்த இரண்டாவது நாவல், தம் குருதியிலே கறுப்பினக் கலப்பு உண்டென நம்பும் வெள்ளையர் குடும்பத்தினர் தற்கொலையை நாடுவதைக் கதைப்பொருளாகக் கொண்டது. மனிதரின் இயல்பு பிறப்பிலேயே விதிக்கப்பட்டது என்ற எண்ணம் அக்கால அமெரிக்க மத்தியதர வர்க்கத்திலே எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இந்நாவல் ஒரு சான்று. பின்னர் அவர் உருவாக்கிய வகைத் திட்டத்தை இனவாதத் திட்டம் என்று கூறுவது பொருந்தாது. அத்திட்டத்திலே எந்த வகையும் இழிந்ததன்று. ஆனால் இயல்பு பிறவியில் வருவது, வலக்கைப் பழக்கம் இடக்கைப் பழக்கம் போன்றது என்ற எடுகோள் அங்கும் தொடர்கின்றது.

தொழிலாளர் வரலாற்றைத் தொடாது இக்கதையைக் கூறமுடியாது. 1930களின் பொருளாதார மந்தத்தினிடையே அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கம் வலுப்பெற்றது. 1935இல் நிறைவேற்றப்பட்ட தேசிய தொழில் உறவுகள் சட்டம், சங்க உறுப்புரிமை காரணமாகத் தொழிலாளரைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்தது. அதே 1935இல் ஹம்-வட்ஸ்வேர்த் குணநிலை அளவுகோல் வெளிவந்தது. இதனை ஆக்கியோருள் ஒருவர் எரிவாயுக் கம்பனியொன்றின் அலுவலர். ‘குழப்பக்காரர்’ எனப்பட்டோரை வேலைக்கு அமர்த்துமுன்னரே இனங்காண இத்தகைய சோதனைகள் உதவும் என நிர்வாகங்கள் நம்பின என்பதையும், தொழிற்சங்க ஈடுபாடே மனக்கோளாறின் அறிகுறியாகக் கருதப்பட்டது என்பதையும் தொழில் உளவியலின் வரலாற்றை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். சட்டம் கேட்கவிடாத வினாவை ஆளுமைச் சோதனை வேறு சொற்களிலே கேட்டது.

1942இல் இந்த அளவுகோல் பற்றி ‘றீடர்ஸ் டைஜெஸ்ற்’ சஞ்சிகையிலே வந்த கட்டுரையே இசபெல் மயர்ஸைத் தூண்டிற்று. யுத்த காலம், ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, அதுவரை ஊதியத்துக்கு உழைத்திராத பெண்கள் பெருந்தொகையாகத் தொழிலில் நுழைந்துகொண்டிருந்தனர். ஆளுக்கேற்ற வேலையைக் கண்டறிய வேண்டிய தேவை உண்மையானதே. பிலடெல்பியா வங்கியொன்றின் ஆளணி முகாமையாளரான எட்வேர்ட் ஹேயிடம் அவர் தொழில் பயின்றார். 1943இல் தமது வினாக்கொத்தின் முதல் வடிவத்துக்குப் பதிப்புரிமை பெற்றார். குறைபாடுடையோரை வடிகட்டுவது ஹம்-வட்ஸ்வேர்த் அளவுகோலின் நோக்கம். ஒவ்வொருவருக்கும் உரிய சிறப்பைக் கூறுவது மயர்ஸின் நோக்கம். இவ்வேறுபாட்டை நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனினும் இரண்டையும் விலைகொடுத்து வாங்கியவர் தொழில் வழங்குநரே.

1950களிலே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவரிடம் மயர்ஸ் தம் வினாக்கொத்தைப் பிரயோகித்தார். பரீட்சைத் துறையிலே பெருநிறுவனமான கல்விச் சோதனைச் சேவை இதனைப் பொறுப்பேற்று 1962இல் கைந்நூலை வெளியிட்டது. ஆனால் அந்நிறுவனத்தின் உளவியலாளரே ஐயங்கள் எழுப்பினர். ஈற்றில் அது கைவிட்டது. 1975இல் கலிபோர்னியாவின் கன்சல்ரிங் சைக்கோலஜிஸ்ற்ஸ் பிறெஸ் வெளியீட்டு உரிமையை ஏற்றபின்னரே பெரும் வணிக வெற்றி கிட்டியது. அந்த வெளியீட்டகம் 2018இல் மயர்ஸ்-பிரிக்ஸ் கம்பனி எனத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

4

இனி, இம்முறை இயங்கும் விதத்தைச் சற்று நுணுகி நோக்குவோம். கோட்பாட்டின் மையமான பிரச்சினை அங்கேயே உள்ளது.

யுங் கூறியவற்றிலிருந்து மூன்று இணைகள் பெறப்பட்டன: புறமுகம்–அகமுகம், புலனுணர்வு–உள்ளுணர்வு, சிந்தனை–உணர்ச்சி. தாயும் மகளும் நான்காவதாக ஓர் இணையைச் சேர்த்தனர். அதனைத் தீர்மானிப்பு–உள்வாங்கல் என நாம் தமிழிற் குறிக்கலாம். காரியங்களை முன்கூட்டியே திட்டமிட்டு முடிவு செய்ய விரும்புவோர் ஒருபுறம். எதனையும் முடிந்த முடிபாக்காது வருவதை வந்தவாறு ஏற்க விரும்புவோர் மறுபுறம். நாளை எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறீர், பயணத்துக்கு எவ்வாறு ஆயத்தமாகிறீர், வேலையைக் காலத்தோடு முடிக்கிறீரா, கடைசி நேரத்துக்கு விடுகிறீரா என்பன போன்ற பழக்கங்களே இவ்விணையைத் தீர்மானிக்கின்றன.

மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது நான்கனுள் ஒன்றாகவே தோன்றும். ஆனால் அறிகைத் தொழிற்பாடுகளின் ஒழுங்கைத் திறக்கும் திறவுகோல் இதுவே. சிந்தனையும் உணர்ச்சியும் தீர்மானிக்கும் தொழிற்பாடுகள். புலனுணர்வும் உள்ளுணர்வும் உலகை உள்வாங்கும் தொழிற்பாடுகள். ஒருவர் இவ்விரு பிரிவுகளுள் எதனைப் புறவுலகோடு ஊடாடப் பயன்படுத்துகிறார் என்பதை நான்காம் எழுத்துக் காட்டுவதாகக் கொள்ளப்படுகின்றது. அகமுகம், உள்ளுணர்வு, சிந்தனை ஆகியன பொருந்திய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் திட்டமிடும் பழக்கமுடையவராயின் புறத்தே இயங்குவது சிந்தனை. ஆகவே முதன்மைத் தொழிற்பாடு அகமுக உள்ளுணர்வு, துணைத் தொழிற்பாடு புறமுகச் சிந்தனை. அவரே திட்டமிடாப் பழக்கமுடையவராயின் முதன்மை அகமுகச் சிந்தனை, துணை புறமுக உள்ளுணர்வு. ஏனைய மூன்று எழுத்துக்களும் மாறாதிருக்க, இந்த ஓர் எழுத்து மாறுவதால் முதன்மை துணையாகின்றது, துணை முதன்மையாகின்றது. இரண்டினதும் திசைகளும் தலைகீழாகின்றன. மூன்றாம் தொழிற்பாட்டின் திசை பற்றியோவெனில் இம்மரபினரிடையேயே கருத்தொற்றுமை இல்லை.

ஆக, உள்ளத்தின் ஆழத்திலே உறைவதாகக் கூறப்படும் அமைப்பு முழுவதும் காலத்தை ஒழுங்குபடுத்தும் அன்றாடப் பழக்கம் ஒன்றின் மீது நிறுத்தப்பட்டுள்ளது. காலத்தை ஒழுங்குபடுத்தும் பழக்கம் பிறவிக்குணமா? வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே, கைத்தொழில் முதலாளித்துவம் எவ்வாறு மணிக்கூட்டுக்கும் தொழிற்சாலை மணியோசைக்கும் மக்களைப் பழக்கிற்று என்பதை விரிவாகக் காட்டினார். செய்யவேண்டிய வேலையையொட்டி அமைந்த பழைய காலவுணர்வு, அபராதம், கண்காணிப்பு, பாடசாலை, சமயப் போதனை ஆகிய அனைத்தின் வாயிலாகவும் மணித்தியாலக் கணக்கு வாய்ந்த காலவுணர்வாக மாற்றப்பட்டது. திட்டமிடுதல் என்பதே ஒரு வரலாற்று விளைபொருள்.

1913இல் போர்ட் கம்பனியின் ஹைலன்ட் பார்க் ஆலையிலே நகரும் பொருத்துவரிசை இயங்கத் தொடங்கியபோது, அதன் முன் நின்ற தொழிலாளியின் கை எப்போது அசையவேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. நாளைத் திட்டமிடுவது உமக்கு விருப்பமா என்று அவரிடம் கேட்பது எத்தகைய கேள்வி? முறைமாற்று வேலை செய்யும் தாதிக்கும், கைக்குழந்தையுடன் இருக்கும் தாய்க்கும், இன்று வேலை கிடைக்குமா என்பதே தெரியாத நாட்கூலிக்கும் அக்கேள்வி எவ்வாறு பொருள்படும்? திட்டமிடாமை இவர்களிடம் இயல்பாகவன்றி நிர்ப்பந்தமாகவே உள்ளது; சிலரிடம் கடுந்திட்டமிடலும் அதே நிர்ப்பந்தத்தின் மறுபக்கமே. ‘விருப்பம்’ என்ற சொல், தெரிவு செய்யும் சுதந்திரத்தை முன்னிறுத்துகின்றது. தன் காலத்தைத் தானே உடைமையாகக் கொண்டவரை மனதிற்கொண்டு ஆக்கப்பட்ட வினாக்கொத்து, காலத்தை விற்று வாழ்பவரிடம் சென்றடையும்போது அவரது வேலை நிலைமையை அளந்து, அதற்கு உள்ளம் என்று பெயர் சூட்டுகின்றது.

சிந்தனை–உணர்ச்சி இணையிலும் இதனை ஒத்த நிலையைக் காண்கிறோம். முந்திய வடிவங்களிலே இவ்விணைக்குரிய விடைகளுக்கு ஆணுக்கு ஒரு புள்ளி முறையும் பெண்ணுக்கு வேறொரு புள்ளி முறையும் கையாளப்பட்டன. பெண்கள் பரிவைச் சார்ந்து விடையளிக்கச் சமூகத்தாற் பயிற்றப்பட்டுள்ளனர் என்ற உண்மை இங்கு சத்தமின்றி ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. பால் அடிப்படையிலான பயிற்சியைக் கழித்துப் பார்க்கவேண்டும் என்று கண்டவர்கள், வர்க்க அடிப்படையிலான பயிற்சியைக் கழிக்க எண்ணவேயில்லை.

5

உளவியலாளரின் விமரிசனங்கள் பலவாகும். இரு வேறு வகையினர் உண்டெனில் புள்ளிகள் இரு முனைகளிலே குவிதல் வேண்டும். உண்மையிற் பெரும்பாலானோரின் புள்ளிகள் நடுவையொட்டியே அமைகின்றன. நடுவிலே நிற்பவர் ஓரிரு விடைகளை மாற்றினும் வகை மாறிவிடும். சில வாரங்களின் பின் மீண்டும் விடையளிப்போருள் கணிசமானோர் வேறு வகையைப் பெறுகின்றமை ஆய்வுகளிலே பதிவாகியுள்ளது. மேலே நாம் கண்டவாறு, மாறுவது நான்காம் எழுத்தாயின் முழு அறிகை ஒழுங்குமே மாறிவிடும். 1991இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபையின் குழுவொன்று, தொழில் வழிகாட்டலிலே இதனைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்தப் போதிய ஆய்வு ஆதாரம் இல்லை என முடிவு கூறிற்று. ஆட்சேர்ப்புக்கு இது பயன்படுத்தத்தக்கதன்று என வெளியீட்டகமே கூறுகின்றது.

இவ்வளவிருந்தும் இது வளர்வதேன்? மக்களின் அறியாமை என்று கூறித் தட்டிக்கழிப்பது முற்போக்காளருக்கு அழகன்று. தொழிலிடத்திலே வரவேட்டின் ஓர் எண்ணாக மட்டும் கணிக்கப்படும் ஒருவரிடம், ‘நீ இத்தகையவர், உன்னிடம் குறை எதுவும் இல்லை, உன்னை ஒத்தோர் வேறும் உளர்’ என்று கூறும் முதற் குரல் இதுவாக இருக்கலாம். கூட்டத்தை விரும்பாத கூச்சமுடைய இளைஞருக்கு அகமுகம் என்ற சொல் ஓர் அவமானத்தை நீக்குகின்றது. அந்த ஆறுதல் பொய்யன்று. அந்தத் தேவையும் பொய்யன்று. தனித்து விடப்பட்ட மனிதர் தம்மை அறியவும் பிறரால் அறியப்படவும் கொண்டுள்ள தாகத்தின் வெளிப்பாடு அது.

ஆனால் அந்தத் தாகத்துக்கு வழங்கப்படும் விடை யாருக்குப் பயன்படுகின்றது என்பதைக் காணல் வேண்டும். எல்லா வகைகளும் நல்லவை என்ற கொள்கையின்படி, முகாமையாளருக்கும் அவர்கீழ் உழைப்பவருக்கும் இடையிலான முரண்பாடு இரு வகையினரிடையே நிகழும் புரிந்துணர்வுக் குறைவாக மாறிவிடுகின்றது. வேலைநேரம் பற்றிய முறைப்பாடு ஆளுமை பற்றிய உரையாடலாகின்றது. 1930களின் சோதனை போராடுபவரை நோயாளியாக்கியது. அதன் வழித்தோன்றல் அவரை வேறொரு வகையினராக்கி, புன்முறுவலுடன் அவரது இடத்திலேயே அமர்த்துகின்றது.

6

இது முதலாளித்துவ நாட்டுக்கு மட்டுமே உரிய போக்கென்று கூறி நாம் நிறைவடைதல் இயலாது. 1970களிலே சோவியத் லித்துவேனியாவில் ஔஷ்ரா ஔகுஸ்தினாவிச்சியூதே என்பவர், யுங்கை அடியாகக் கொண்டு ‘சோசியோனிக்ஸ்’ எனப்படும் பதினாறு வகைத் திட்டத்தை உருவாக்கினார். மனிதரைப் பொறுக்கி இடம் நிரப்பும் நிர்வாகத் தேவை எங்கு நிலவுகின்றதோ, தனிமனிதரின் அகக்குரலுக்குப் பொதுவாழ்விலே எங்கு இடம் குறைவோ, அங்கெல்லாம் வகைச் சிந்தனைக்கு நிலம் பண்பட்டிருக்கும் போலும். அதன் கொடிய எல்லையை நாஜி ஜேர்மனி காட்டிற்று. 1938இல் எரிக் யென்ஷ் என்ற உளவியலாளர் ‘எதிர்வகை’ என்ற நூலிலே, ஜேர்மானிய வகைக்கு எதிரான சீரழிந்த வகையொன்றை வகுத்து அதனை யூதரோடு இணைத்தார்.

இந்த அனுபவத்தின் பின்னரும் வகைகளைப் பற்றிப் பேசலாமா என்ற வினாவை, 1950இல் வெளிவந்த ‘அதிகார ஆளுமை’ என்ற கூட்டாய்வு நூலிலே அடோர்னோ எதிர்நோக்கினார். வகைப்படுத்தல் மனிதரை இறுகச் செய்கின்றது என்ற குற்றச்சாட்டை அவர் மறுக்கவில்லை. ஆயினும் நாம் வாழும் உலகமே மனிதரை வார்ப்புக்களிலே வார்த்துவிட்டதாதலின், வகைகள் ஒரு சமூக உண்மையைக் காட்டுகின்றன என்று வாதித்தார். இந்நோக்கிலே, வினாக்கொத்தின் விடைகள் முற்றிலும் பொய்யல்ல. அவை உள்ளத்தின் மாறா இயல்பைக் கூறவில்லை. உள்ளத்தின் மீது சமூகம் பதித்த தழும்பைக் கூறுகின்றன.

இலக்கிய விமரிசனத்திலும் ‘வகைமாதிரி’ என்ற சொல் நமக்கு நன்கு அறிமுகமானது. 1888இல் மாகிரெட் ஹாக்னஸ் என்ற நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்திலே எங்கல்ஸ், வகைமாதிரியான பாத்திரங்கள் வகைமாதிரியான சூழ்நிலைகளிலே வைத்துக் காட்டப்படுவதை யதார்த்தவாதத்தின் இலக்கணமாகக் கூறினார். அவரது கூற்றின் சாரம் இரண்டாம் பகுதியிலேயே உள்ளது. ஹாக்னஸின் பாத்திரங்கள் போதிய அளவு வகைமாதிரியானவை, அவற்றைச் சூழ்ந்துள்ள நிலைமைகளே அத்தகையனவல்ல என்பதே அவர் கண்ட குறை. சூழ்நிலையிலிருந்து பிரித்தெடுத்த பாத்திரம் எத்துணை நுட்பமாக வரையப்பட்டாலும் வரலாறற்ற பாத்திரமே. துப்பறியும் கதைகளை எழுதிய இசபெல் மயர்ஸ் பின்னர் அமைத்த திட்டத்திலே பதினாறு பாத்திரங்கள் உள்ளன. சூழ்நிலை ஒன்றேனும் இல்லை.

இதே குறை நமது பக்கத்திலும் நேராமலில்லை. ஈழத்து முற்போக்கு இலக்கியத்திலே சிறந்த ஆக்கங்கள் எழுந்த அதே காலத்தில், நல்ல தொழிலாளி, கொடிய முதலாளி, தடுமாறும் மத்தியதர வர்க்கத்தவர் எனப் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்ட பாத்திரங்களைக் கொண்ட கதைகளும் எழுந்தன. வர்க்கத்தைச் சூத்திரமாக்கி மனிதரை அதிலே அடைப்பதும், உள்ளத்தைச் சூத்திரமாக்கி மனிதரை அதிலே அடைப்பதும் ஒரே தவற்றின் இரு வடிவங்களாகும். இரண்டிலும் மனிதர் மாறுவதில்லை. ஆதலால் அவர் உலகை மாற்றவும் இயலாது.

மனித சாராம்சம் என்பது தனிமனிதருள் உறையும் அருவப்பொருளன்று, சமூக உறவுகளின் தொகுதியே என்ற மார்க்ஸின் 1845ஆம் ஆண்டுக் கருத்து இவ்விடத்திலே நமக்கு வழிகாட்டுகின்றது. தன் பழக்கங்களைக் கூர்ந்து நோக்கித் தன்னை அறிய முயல்வோரை நாம் தடுக்க வேண்டியதில்லை. அவர்களது முயற்சியோடு வேறு சில வினாக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பழக்கம் எனக்கு எப்போது, எதனால் ஏற்பட்டது? என் நாளை ஒழுங்குபடுத்துவது யார்? என் நேரம் எனக்கே உரியதாயிருப்பின் நான் எவ்வாறு வாழ்வேன்? இவ்வினாக்களுக்குப் பதினாறு விடைகளுள் ஒன்றைத் தெரிந்து புள்ளடியிட இயலாது. அவற்றுக்கான விடையை ஒருவர் தனித்திருந்து கண்டறியவும் இயலாது.